ஒழுகும் மாடியும் அலங்கார விளக்கும்

வணக்கம்.

எங்கள் வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கிறது. தாத்தாவின் அப்பா கட்டியது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் அப்படியே உள்ளன. ஆனால் மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்து மாடி இரண்டு வருடமாக ஒழுகுகிறது. பார்க்க வந்த இன்ஜினியர், இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். சித்தப்பா வீட்டார் பங்கு பிரிக்கலாம் என்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் தங்கும் விடுதி வைக்கத்தான் கேட்கிறார்கள். பக்கத்துத் தெருக்களில் கல் பதித்து அலங்கார விளக்கு நடுகிறார்கள்; பழைய நகரத்துக்கு இப்படித்தான் உயிர் வருமாம். குடியிருப்பவர்கள் போய்விட்டால் அது யாருடைய நகரம்? வீட்டைக் காப்பாற்ற வழி உண்டா?

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

உத்திரங்களின் முனைகளைப் பார்க்காமல் இடிக்கும் முடிவுக்கு வராதீர்கள். உங்கள் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியவை. அவற்றின் மேல் கான்கிரீட் தளத்தை ஏற்றினால், வெயிலில் தளம் நீளும்போது சுவரின் தலைப்பகுதியைத் தள்ளும். இரண்டு மூன்று கோடை கழிந்தால் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடும். அதன் வழியாக மறுபடி ஒழுகும். செலவழித்தும் பழைய நோய் தீராது.

கட்டைக்குத்து மாடியில் ஒழுகும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. மேலே தட்டோடு, அதன் கீழே மூன்று நான்கு அங்குலச் சுண்ணாம்பு ஜல்லி, அதற்கும் கீழே உத்திரங்களின் மேல் சாய்வாகக் குத்துக்கல்லாய் நிறுத்திய சிறு செங்கற்கள். மேலே புகுந்த நீர் ஜல்லிக்குள்ளேயே பல அடி நகர்ந்து, எளிதான இடத்தில் இறங்கும். அதனால் முதலில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்த் தூம்பின் வாய், தட்டோடுகளின் இடைவெளி, எங்காவது முளைத்த அரசங்கன்று ஆகியவற்றைப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு இந்த நான்கில் ஒன்றுதான்.

அடுத்தது உத்திரம். நடுப்பகுதி கல்லைப் போல் இருக்கும்; சுவருக்குள் புதைந்த அரையடிதான் உளுத்துப்போகும். சுவர் ஈரமாக இருக்கும், காற்றும் படாது. சுவரை ஒட்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை. முட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, பழைய தேக்கில் ஒரு துண்டைப் பொருத்தி, இருபுறமும் தகடு வைத்து போல்ட் போடலாம். கடற்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உத்திரத்தில்தான் கைவைக்க வேண்டும். புது முனையைச் சுற்றி விரல் அளவு இடைவெளி விடுங்கள், சாந்தால் அடைக்காதீர்கள்.

மேல்தளம் முழுவதும் பொரிந்திருந்தால் மட்டும் ஜல்லியைப் புதுப்பியுங்கள். இங்கே பொதுப்பணித்துறை முதல் கொத்தனார்வரை புழங்கும் கணக்கு: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. மணல் கிடையாது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் தூம்பை நோக்கி இருக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும்; கட்டை துள்ளித் திரும்பும்வரை. இந்தத் தட்டுதலைத்தான் இப்போது எல்லோரும் குறைக்கிறார்கள், ஒழுகுவதும் அதனால்தான். பழைய தளத்தின்மேல் ரசாயனப் பூச்சு அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் மேலே போக முடியாமல் மரத்தைத் தின்னும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. அதை அறையின் நடுவில் வைத்திருந்தால் இன்றே சுவரின் மேலான இடத்துக்கு மாற்றுங்கள்.

சுவரில் முன்பு யாராவது சிமென்ட் பூசியிருந்தால் அதை உரித்தாக வேண்டும். தரையிலிருந்து உப்போடு ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சில் தானாக உலரும். சிமென்ட் அதை அடைப்பதால் இன்னும் உயரம் ஏறி, செங்கல்லைப் பொடியாக்கும். பிளாஸ்டிக் எமல்ஷனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். விற்பதைவிடவும் மோசமான ஒன்று உண்டு: முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வது. முற்றத்து நீர் வெளியேறும் வழி ஒரே பக்கம்தான். மறுபக்கத்துக்காரர் மழைக்குப் பயந்து தகரம் போடுவார். காற்று நிற்கும், உத்திரம் உளுக்கும். வீட்டைப் பிரிக்காமல் வருமானத்தைப் பிரியுங்கள். முன்கட்டை வாடகைக்கு விட்டு, பின்கட்டில் குடியிருந்து, வாடகையில் முதல் பங்கு மாடிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தெரு. உங்கள் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2002 முதல் 2004 வரை ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய உதவித் திட்டத்தில் புதுச்சேரி, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ்-சுர்-லோ ஆகிய மூன்று நகரங்களும் கைகோத்தன. இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வேலையை நடத்த, வைசியாள் வீதியில் இருபது வீடுகளின் முகப்பும் தாழ்வாரமும் மீண்டன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் முகப்போடு நின்றுவிடும் எந்த உதவியும் பாதி உதவிதான். கடற்கரையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் முகப்பு அழகோடுதான் நின்றது. பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. இன்று நிற்பது 2021-ல் திறந்த மறுகட்டுமானம்.

கல் பதிப்பதில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: புதிய தளம் உங்கள் திண்ணையின் கடைசிப் படிக்குக் கீழே நிற்குமா? பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் பழைய வீதிகளில் படிகள் மண்ணுக்குள் போயின. முதலில் சாக்கடை, குடிநீர், மழைநீர், மின்சாரம். நான்கும் தரைக்குக் கீழே முடிந்த பிறகே கல். வரிசை மாறினால் அடுத்த வருடமே கல்லைப் பெயர்ப்பார்கள்.

குடியிருப்பவர்கள் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் இத்தாலியின் போலோஞ்யாவில் இருக்கிறது. 1973-ல் அந்த நகராட்சி, புறநகரில் புதுக் குடியிருப்பு கட்டுவதற்கான அரசு வீட்டுவசதிப் பணத்தைப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் திருப்பியது. முதலில் வீடுகளைக் கையகப்படுத்த நினைத்தார்கள். எதிர்ப்பு எழவே ஒப்பந்த முறைக்கு வந்தார்கள். நகராட்சி செலவில் கைகொடுக்கும், உரிமையாளர் வாடகையைக் கட்டுக்குள் வைத்து பழைய குடித்தனக்காரரையே இருக்க விடுவார். வேலை நடக்கும் மாதங்களில் தங்குவதற்கு அருகிலேயே சில வீடுகளை நகராட்சி ஒதுக்கியது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடந்தது நேரெதிர். போருக்கு முந்தைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் நீங்கியது. தலைமுறைகளாக அங்கே தொழில் செய்த குடும்பங்கள் வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பெற்றபோது அவர்களில் பலர் அங்கே இல்லை.

ஆகவே உங்கள் வீதிக்காரர்கள் சேர்ந்து விளக்குக் கம்பத்துக்குப் பதிலாக மூன்றைக் கேட்கலாம். மாடிப் பழுதுக்கு மானியம், குடியிருப்பைத் தொடரும் நிபந்தனையோடு. நகராட்சியே சுண்ணாம்பு நீற்றிக் கொடுக்கும் ஒரு தொட்டி. இடிக்கும் வீடுகளின் தேக்கையும் ஓடுகளையும் வாங்கிச் சேமிக்கும் ஒரு கிடங்கு. மூன்றாவதுதான் உடனே பலன் தரும். இன்று அந்தத் தேக்கெல்லாம் அறைகலன் கடைகளுக்குப் போகிறது.

மாடி வேலையைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். ஐப்பசிக்கு முன் சுண்ணாம்பு இறுக மாதங்கள் கிடைக்கும். அதுவரை தார்ப்பாயை ஒழுகும் இடத்தில் மட்டும் போடாமல், கைப்பிடிச் சுவரிலிருந்து தூம்புவரை வாட்டம் பார்த்து விரித்து, பகலில் மழையில்லாத நேரம் எடுத்துவிடுங்கள். மரம் உலர வேண்டும்.