ஜீவனாம்ச உத்தரவு வந்து எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைப் பக்கத்துப் பெண். தமக்கும் மகனுக்கும் மாதந்தோறும் ஜீவனாம்சம் தரும்படி குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டு எட்டு மாதம் ஆகிறது என்றும், கணவர் இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை என்றும், வற்புறுத்தினால் மலேசியாவுக்குப் போய்விடுவதாக மிரட்டுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் வழக்கறிஞர் அல்லள். காரைக்குடியில் வசிக்கிறேன், இதே போன்ற ஓர் உத்தரவை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் சும்மா இருந்து, அதன் விலையைக் கொடுத்தவள். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உத்தரவு போட்ட நீதிமன்றம் தானாக வசூலித்துத் தராது. நிலுவையைக் கணக்குப் போட்டு, வசூலித்துத் தரும்படி நாம்தான் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனு போய்ச் சேராவிட்டால், அந்த மாதத்துக்காக வாரண்டு பிறப்பிக்க முடியாது. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் நான்கு மாதம் கையில் இருக்கிறது என்று எண்ணாமல் இந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

என் கதை இது. 2021 பிப்ரவரியில் மனுச் செய்தேன். 2023 மார்ச்சில் எனக்கு 8,000, மகளுக்கு 5,000 என மாதம் 13,000 ரூபாய், மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. உத்தரவு வந்த அன்றைக்கே 25 மாத நிலுவை 3,25,000 ரூபாய். அதற்குள் இரு பக்கத்துப் பெரியவர்களும், கூட்டிவைத்துப் பேசுவோம், அவசரப்பட்டு வாரண்டு என்று போனால் பிறகு பேச வழியிருக்காது என்றார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். பேச்சு தீபாவளிக்குப் போயிற்று, பிறகு பொங்கலுக்குப் போயிற்று. 2024 ஜூன் முதல் வாரத்தில் மனுப் போட்டபோது வாரண்டுக்குத் தகுதியாக நின்றவை கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே, அதாவது 1,56,000 ரூபாய். பழைய 3,25,000 ரூபாயும், 2023 மார்ச் முதல் மே வரையிலான 39,000 ரூபாயும் அந்த வழியில் கைநழுவிப் போயின.

அந்தப் பணம் அடியோடு போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓராண்டு வரம்பு வாரண்டு வழிக்கு மட்டுமே உரியது, நிலுவையைக் கேட்கும் உரிமையை அது அழிப்பதில்லை, சிவில் வழி திறந்தே இருக்கிறது என்று 2013-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பாணை போலவே ஜப்தி, சிவில் சிறை உள்ளிட்ட வழிகளில் நிறைவேற்றலாம் என்றும் கூறியது. அதன்படி பழைய நிலுவைக்குத் தனியாக ஒரு நிறைவேற்று மனு (நீதிமன்ற வளாகத்தில் இ.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும்) போட்டோம். ஒரே உத்தரவுக்கு இரண்டு மனு, இரண்டு வாய்தா, இரண்டு பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கட்டும் கட்டணம்). சோம்பலுக்கு வட்டி என்று எங்கள் அப்பச்சி (அப்பா) அதைச் சொல்வார்கள்.

கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில் கடைக்கணக்கு எழுதியவர்கள். அந்தப் பழக்கம் அப்பச்சிக்கும் உண்டு. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள ஏடு ஒன்றில் மாதம், கெடு நாள், தர வேண்டியது, வந்தது, வந்த விதம், நிலுவை என்று கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இடையில் மூன்று முறை ரொக்கமாகக் கொடுத்ததாக வாதாடியபோது, வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் இந்த ஏட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்ட முடிந்தது. மகள் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய 2,000 ரூபாயையும் வரவு வைத்திருந்தோம். அதைப் பார்த்த பிறகு எங்கள் கணக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆகவே கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். வங்கி வழியாகவே வரட்டும். சிறு தொகையையும் மறைக்காதீர்கள்.

அடுத்தது முகவரி. வாரண்டு வந்தால் காரியம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். நாங்கள் கொடுத்திருந்ததோ ஊர் வீட்டு முகவரி. பதினோரு புள்ளிக்கு (பங்காளிக் குடும்பத்துக்கு) பாத்தியப்பட்ட வீடு அது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒரு தெரு அளவுக்கு நீளும், ஆண்டில் பத்து நாள்கூடத் திறந்திருக்காது. நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டது. வாரண்டு மூன்று முறை, வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பிவந்தது. ஆள் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நீதித்துறை நடுவரே உத்தரவை நிறைவேற்றலாம் என்று சட்டத்தில் இருப்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். உத்தரவின் நகலையும் கட்டணமின்றி உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். எனவே கணவரின் இப்போதைய குடியிருப்பு, அலுவலக முகவரி, வண்டி எண், வங்கிக் கிளை ஆகியவற்றை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.

எங்கள் விஷயத்தில், 2025 தொடக்கத்தில் படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) அவர் ஊருக்கு வருவது தெரிந்து காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தோம். சாமி காரியத்துக்கு வந்திருப்பவரை அந்த வாசலில் வைத்துப் பிடித்தால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று ஆத்தா பிடிவாதமாக நின்றதால், மறுநாள் காலை வரை காத்திருந்தோம். அவர் பல்லவன் ரயிலுக்குப் புறப்படும் முன் காவலர் போய் நின்றார். அன்று நீதிமன்றத்தில் 50,000 ரூபாய் கட்டி, மீதியை இரண்டு தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்து வெளியே வந்தார்; சொன்னபடி கட்டினார். அதற்குள் சேர்ந்திருந்த புதிய நிலுவைக்கு, ஓராண்டு ஆவதற்கு முன்பே அடுத்த மனுவைப் போட்டிருந்தேன்.

சிறையைப் பற்றி இருவிதத் தவறான எண்ணம் உண்டு. வாரண்டுக்குப் பிறகும் கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை, அதற்கு முன்பே பணத்தைக் கட்டினால் அதுவரை, சிறையில் வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. உள்ளே போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று அவர்கள் தரப்பில் சொல்வார்கள், அது பொய். சிறை என்பது வசூலுக்கான வழியே தவிர, பாக்கியைக் கழிப்பது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. ஆனால் வேலை போய்விட்ட மனிதரைச் சிறையில் வைப்பதால் நமக்கு என்ன வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரரிடம் சம்பள ஜப்தியே மேல். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு, மீதி இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். தனியார் நிறுவனமானாலும் முதலாளிக்கு நீதிமன்றம் உத்தரவு அனுப்பும். அவர் வேலையை மாற்றினால் மட்டும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

பழைய 3,64,000 ரூபாயைக் கடைசியில் வசூலித்துக் கொடுத்தது அந்தப் பூட்டிய வீடுதான். அவருடைய பிரிபடாத பங்கை ஜப்தி செய்யும்படி இ.பி.யில் கேட்டோம். பதினோரில் ஒரு பங்கை ஏலத்தில் யார் எடுப்பார், எடுத்தவர் எந்த அறையைத் திறப்பார் என்று வழக்கறிஞரே சிரித்தார். ஆனால் பங்காளிகள் அப்போது வீட்டை மொத்தமாக விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜப்தியான சொத்தை அதன் பிறகு தனிப்பட்ட முறையில் விற்றால், நம் பாக்கியைப் பொறுத்தவரை அந்த விற்பனை செல்லாது. ஜப்தி வில்லங்கச் சான்றில் ஏறியதும் வாங்க வந்தவர் பின்வாங்கினார். பெரியவர்கள் ஓராண்டுக்கு மேல் பேசியும் அசையாத விஷயம், பங்காளிகள் கேட்ட பிறகு மூன்றே தவணையில் முடிந்தது, ஜப்தியும் நீங்கியது.

மலேசியா மிரட்டலுக்கு வருகிறேன். நீதிமன்றம் பிடியாணையோ, ஆஜராகும்படி வாரண்டோ பிறப்பித்திருந்தால் பாஸ்போர்ட் அலுவலகம் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கிவைக்கப் பாஸ்போர்ட் சட்டத்தின் 10-ஆவது பிரிவு இடமளிக்கிறது. வாரண்டு கிடைத்ததும் அதன் நகலோடு மதுரை மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீதிமன்றத்திலும் வெளிநாடு செல்லத் தடை கேளுங்கள். போன பிறகு பிடிப்பது மிகக் கடினம். அதற்காகவும் முதல் மனு சீக்கிரம் போக வேண்டும்.

அவர் திடீரென்று, வந்து என்னோடு இரு, வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று மனுவில் எழுதினால் பயப்பட வேண்டாம். போக மறுப்பதற்கு நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைக் கேட்டுவிட்டு வாரண்டைத் தொடரலாம். மகனைப் பார்க்க அவருக்குத் தனியாக உத்தரவு இருந்தால், பணம் வரவில்லை என்பதற்காக அதை நிறுத்தாதீர்கள். நான் ஒருமுறை நிறுத்திவிட்டு, அடுத்த வாய்தாவில் நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது உத்தரவு நகல், வங்கிப் புத்தகம், ஆதார், எட்டு மாதக் கணக்கு எழுதிய ஒரு தாள், கணவரின் இப்போதைய முகவரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.