ஒரு முட்டைக்கு எவ்வளவு தீவனம்?

கோழித் தீவன ஆலைகளில் 25 வருடம் ஃபார்முலா போட்டவன் நான். பிறந்த ஊர் காவிரி டெல்டா. கறி, பாலைக் குறைத்துப் பருப்பு, பயறுக்கு மாறினால் பூமிக்கு லாபமா, எல்லாருக்கும் சாப்பாடு எட்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

சார், ஒரு முட்டையில் போய் என்ன சுற்றுச்சூழல் கணக்கு?

நாமக்கல் பக்கம் பண்ணைக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார். முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு 300 முட்டை என்று வைத்தால், ஒரு முட்டைக்கு 130 கிராமுக்கு மேல் ஆகிறது. பாதிக்கு மேல் மக்காச்சோளம், அப்புறம் சோயாப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல். அந்தத் தீவனத்தில் இருக்கும் புரதம் 20 கிராம் வரும். முட்டையில் நமக்குத் திரும்பக் கிடைப்பது 6 கிராம். மீதியில் கோழி உயிர் வாழ்கிறது, இறகு முளைக்கிறது, எச்சமாகவும் போகிறது. இத்தனைக்கும் தீவனத்தை உணவாக மாற்றுவதில் கோழி கெட்டிக்காரப் பிராணி. ஒரு கிராம் புரதத்தை மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன், அந்த 20-ஐயும் 6-ஐயும் எந்த ஃபார்முலாவும் பக்கத்தில் கொண்டுவராது.

எங்கள் ஆடு முள்ளையும் தரிசுப் புல்லையும் மேய்கிறது. அது யார் சோற்றைப் பிடுங்குகிறது, ஐயா?

யார் சோற்றையும் இல்லை. உலகக் கால்நடைகள் தின்பதில் 86 சதவீதம் மனிதன் சாப்பிட முடியாதது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் விளையாத மேட்டில் ஆடு மேய்ப்பவரிடம் போய் இதை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி, நல்ல வயலில் தீவனத்துக்கென்றே போடும் பயிரைப் பற்றியது.

நாங்கள் பரம்பரையாகச் சுத்த சைவம். அப்படியானால் நாங்கள் பாஸ்தானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, பாஸ் மார்க் போட முடியாது. சைவம் வேறு, தாவர உணவு வேறு. அசைபோடும் மாடு ஏப்பத்தில் மீத்தேனை விடுகிறது. 20 வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பம் பிடிக்கும். 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டில் மாடும் எருமையுமாக 30 கோடி. வைக்கோல் தின்று கொஞ்சமாகக் கறக்கும் மாட்டுக்கு, லிட்டருக்கு மீத்தேன் இன்னும் கூடுதல். ஒரு கிலோ பனீருக்கு 5 லிட்டர் வாக்கில் பால் வேண்டும். பனீர் மசாலா சாப்பிடுபவர் பக்கத்து மேசைக் கோழிக் குழம்பைப் பார்த்து முகம் சுளிக்க நியாயமில்லை. காபிக்கு ஊற்றும் பாலை நான் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

துவரம் பருப்பே மொசாம்பிக்கிலிருந்து கப்பலில் வருகிறதே அண்ணா. உள்ளூர்க் கறி மேல் இல்லையா?

இல்லை தம்பி. கப்பல் பயணத்தால் ஒரு கிலோவுக்கு ஆகும் புகை மிகக் குறைவு. 119 நாடுகளின் பண்ணைகளை வைத்து 2018-ல் வந்த பெரிய ஆய்வில், 100 கிராம் புரதத்துக்கு இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டின் கறி சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கணக்கு. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை. துவரை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, அதனால் யூரியாவும் குறைவு. ஆனால் பருப்புக்கு வெளிநாட்டை நம்பியிருப்பது தனிக் கவலை. 2015-ல் கிலோ 200 ரூபாயைத் தொட்டது மறந்திருக்காது.

அரிசியும் மீத்தேன் விடுமாமே?

விடும். தேங்கிய தண்ணீரில் வேர் மூழ்கிக் கிடந்தால் அப்படித்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் பாதி அளவுக்குக்கூடக் குறையும்.

வைட்டமின் பி12?

செடியில் கிடையாது. பால், முட்டையையும் விட்டவர்கள் மாத்திரை போடத்தான் வேண்டும்.

அப்பா காலத்தில் தாளடி (இரண்டாம் போக நெல்) அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிப்போம். அறுப்பு மிஷின் வந்ததும் விட்டுவிட்டோம். திரும்பவும் செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நெல் தரிசு உளுந்துக்கு உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை. நிற்கிற நெல்லுக்குள், மெழுகுப் பதத்தில் இருக்கும் ஈரத்தில் விதையை வீசிவிட்டு வந்தால், மிச்ச ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் 70 நாளில் காய்த்துவிடும். தீவனத்துக்கும் போட்டியில்லை, நெல்லுக்கும் போட்டியில்லை. மிஷின் சக்கரம் முளையை நசுக்குவது உண்மைதான். அதற்கு விதையைக் கொஞ்சம் கூட்டித் தெளியுங்கள், அறுப்புக்கு ரொம்ப முன்னால் தெளிக்காதீர்கள். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் அடியுங்கள். முந்தின நாளே ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும்.