தனியாக நின்று தோற்பதா, உள்ளே நுழைந்து மோதுவதா?

கேள்வி: அமெரிக்காவில் பசுமைக் கட்சி மாதிரி மூன்றாம் கட்சிக்காரர்கள், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவு செய்யும் தேர்தல்) மிதவாத எம்.பி.க்களை எதிர்த்து நின்றால் என்ன? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தாராளமாக நிற்கட்டும் என்பேன். 2000 அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் நின்ற ரால்ஃப் நாடர் புளோரிடாவில் வாங்கியது 97 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை முந்தியதோ வெறும் 537 ஓட்டில். ஓட்டைப் பிரித்த பழி அந்தக் கட்சியை இன்றும் விடவில்லை. உட்கட்சித் தேர்தலில் இந்த வம்பு இல்லை.

அப்புறம், அங்கே ஓட்டுப் போட வருகிற கூட்டமும் குறைவு. 2018 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், பத்து முறை எம்.பி.யாக இருந்த ஜோ கிரௌலி, ஒரு விவாதத்துக்குத் தான் வராமல் வேறொருவரை அனுப்பினார் (எவ்வளவு தெம்பு பாருங்கள்!). எதிரே 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், கொஞ்ச நாள் முன்பு வரை மதுக்கடையில் பரிமாறியவர். பதிவான ஓட்டு மொத்தம் முப்பதாயிரம்கூட இல்லை, அதில் 57 சதவீதம் அவருக்கு.

ஆனால் அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், வெளியாள் இல்லை. வெளியாளுக்குச் சிக்கல் வேறு. சுயேச்சையாகவே இருந்த பெர்னி சாண்டர்ஸ் 2016-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, நியூயார்க்கில் வாக்காளர் பதிவில் அந்தக் கட்சிக்காரர் என்று பதிந்தவருக்கு மட்டுமே ஓட்டு. ஏப்ரலில் நடந்த தேர்தலுக்கு, வேறு கட்சியில் பதிந்தவர் மாறி வரக் கடைசி நாள் முந்தைய அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சரி, நிற்பவர் நிற்கலாம், அவருடைய ஆட்கள் ஓட்டுப் போட முடியாதே! அதனால் வேட்புமனுவுக்கு முன்னால் ஆதரவாளர்களைப் பதிய வைக்கிற வேலையைப் பார்க்க வேண்டும்.