வேலை போனா பிள்ளைக்காசும் நிக்குமோ?

கேள்வி: எனக்கு ரெண்டு பிள்ளையள், தாயோட லண்டன் ஹரோவில இருக்கினம், நான் ஈஸ்ட்ஹாமில தனிய. சைல்ட் மெயின்ரனன்ஸ் சேர்விஸ் (சி.எம்.எஸ், பிரிஞ்சிருக்கிற தாய் தகப்பன் பிள்ளைக்குக் கட்டவேண்டிய காசைக் கணக்குப் போடுற அரச பகுதி) போட்ட கணக்குப்படி கிழமைக்கு 80 பவுண்ஸ் தாயின்ர எக்கவுண்டுக்கு நேர போட்டுக்கொண்டு வந்தனான். வெயர்ஹவுஸில ஆக்களைக் குறைக்கேக்க என்னையும் நிப்பாட்டிப்போட்டினம், இப்ப அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசு, யூனிவேர்சல் கிரெடிற்தான். பெனிஃபிட் எடுக்கிற ஆள் ஒண்டும் கட்டத் தேவையில்லை எண்டு கூட்டாளி சொல்லுறான், அதைக் கேட்டு பாங்கில இருந்து தானாப் போற ஸ்ராண்டிங் ஓர்டரை நிப்பாட்டிட்டன். சரியோ?
– பெயர் வேண்டாம், ஈஸ்ட்ஹாம்

பதில்: பிழை தம்பி. உழைப்பு ஒண்டும் இல்லாம யூனிவேர்சல் கிரெடிற் எடுக்கிற ஆளுக்கும் கிழமைக்கு 7 பவுண்ஸ் இருக்கு. ஒரு பிள்ளையோ மூண்டு பிள்ளையோ மொத்தமா அந்த 7தான், தலைக்கு 7 இல்லை.

ஆனா அந்த 7 தானா வந்து விழாது, இதிலதான் கனபேர் மாட்டுப்படுகினம். உங்கட 80 எப்பிடி வந்தது? வரிப் பகுதியிட்ட இருக்கிற பழைய வருசத்துச் சம்பளத்தைப் பாத்து, வரிக்கு முந்தி கிழமைக்கு 500 எண்டா, ரெண்டு பிள்ளைக்கு 16 வீதம், அதுதான் 80. அவையளுக்கு நீங்கள் இண்டைக்கும் 500 உழைக்கிற ஆள்தான். ஜொப் சென்ரருக்குச் சொன்னனான்தானே எண்டு இருக்காம சி.எம்.எஸ்ஸுக்கு நீங்களே போன் அடியுங்கோ, இல்லாட்டி ஒன்லைன் எக்கவுண்டில எழுதுங்கோ, வேலையால நிப்பாட்டின கடிதத்தையும் கையில வச்சிருங்கோ. சம்பளம் 25 வீதத்துக்கு மேல மாறினாத்தான் கணக்கைத் திருப்பிப் பாப்பினம், உங்களுக்கு முழுசாவே போட்டுது, அதில பிரச்சினை இல்லை. பிந்திச் சொன்னா இடையில போன கிழமையளுக்குப் பழைய 80 நிலுவையா ஏறி நிக்கலாம். யூனிவேர்சல் கிரெடிற் முதல் காசு வர அஞ்சு கிழமை மட்டில எடுக்கும், அது வரட்டும் சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

பிள்ளையள் உங்களோட வந்து படுக்கிறவையோ? வருசத்தில 52 இரவுக்குக் குறையாம நிண்டா பெனிஃபிட்டில இருக்கிற ஆளுக்கு அந்த 7ம் இல்லை. இதை சி.எம்.எஸ்ஸுக்கு நீங்களாச் சொல்லோணும். புதுக் கணக்குப் பிழையெண்டு நினைச்சா கடிதத்தில இருக்கிற திகதியில இருந்து 30 நாளுக்குள்ள திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம்.

ஸ்ராண்டிங் ஓர்டரை நிப்பாட்டினதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. தாய் முறைப்பாடு குடுத்தா கேஸ், சி.எம்.எஸ்ஸே உங்களிட்ட எடுத்துத் தாய்க்குக் குடுக்கிற கலெக்ட் அண்ட் பே எண்ட முறைக்கு மாறலாம், பிறகு ஒவ்வொரு தொகைக்கும் மேல 20 வீதம் உங்கட தலையில, 7 எண்டது 8.40 ஆகும், பெனிஃபிட்டில இருந்தே வெட்டுவினம். கடைசி ஒண்டு, கடையில கைக்காசுக்கு நிக்கிறது எண்டு யோசினை இருந்தா விடுங்கோ. அது பெனிஃபிட் மோசடி, சரியாச் சொல்லி உழைச்சா சம்பளத்தைப் பாத்து வேற கணக்குப் போடுவினம், அவ்வளவுதான்.

கேள்வி: முந்தி நல்லாக் கட்டின மனிசன், இப்ப வேலை இல்லையாம், 7 பவுண்ஸ்தான் வருது. அதையும் என்ர யூனிவேர்சல் கிரெடிற்றில கழிப்பினமோ? அவர் களவா வேலை செய்யிறார் எண்டும் கேள்விப்பட்டன்.
– ஒரு தாய், சவுத்ஹோல்

பதில்: கழிக்கமாட்டினம் தங்கச்சி, பிள்ளைக்காசு 7 எண்டாலும் 700 எண்டாலும் யூனிவேர்சல் கிரெடிற்றுக்கு வருமானமாக் கணக்கெடுக்கிறதில்லை. களவு வேலையைப் பற்றி சி.எம்.எஸ்ஸுக்கு எழுதலாம், வருமானத்தை விசாரிக்க அங்க தனிப் பிரிவே இருக்கு, எங்க, எந்த நேரம் எண்டு தெரிஞ்சதைமட்டும் எழுதுங்கோ, ஊர்க்கதையைச் சேர்க்கவேண்டாம். அவர் ஒழுங்கா நேர போடுறவரை கலெக்ட் அண்ட் பேக்கு மாத்தச் சொல்லிக் கேக்காதேங்கோ, அதில உங்கட பக்கத்தாலயும் 4 வீதம் எடுப்பினம், 7 எண்டது 6.72 ஆத்தான் கைக்கு வரும்.