யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் நோன்பு இருந்தால் நண்பருக்குச் செய்த தவறு தீருமா?

தீராது. 25 மணி நேரம் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தாலும் கடவுளுக்கு எதிரான குற்றம்தான் தீரும். சக மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் போக்காது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா நேராகவே சொல்கிறது.

'ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சிடு' என்று பொத்தாம்பொதுவாக மெசேஜ் அனுப்பினேன், பதிலே இல்லை என்கிறீர்கள். அவர் மனம் இளகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வாங்கிய பணம் ஏதும் பாக்கியா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கொடுத்துவிட்டு, நேரில் போய், செய்தது இன்னதென்று சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு மறுபடி போகச் சொல்கிறார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸ். அப்படி மூன்று தடவை கேட்டும் மசியாவிட்டால் பாவம் அவருடையது.

ஒன்று மட்டும்: நீங்கள் பேசிய புறணி அவர் காதுக்கே போகவில்லை என்றால், விவரம் சொல்லும் முன் ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) கேளுங்கள். சொல்வதே அவருக்குப் புதுக் காயமாகிவிடலாம்.