கேவபூ குட்டி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். 9 வயது மகள் நாய்க்குட்டி கேட்டு ஒரு வருடமாக அடம்பிடிக்கிறாள். கணவருக்கு நாய் முடி பட்டாலே தும்மல். "கேவபூ வாங்குங்கள். எஃப்1பி குட்டி, முடி கொட்டாது, அலர்ஜி வராது, கலப்பினம் என்பதால் நோயும் வராது" என்கிறார் விற்பவர். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் வீட்டில் இருப்பார், அவருக்கு நாய் என்றால் கொஞ்சம் பயம். நம்பி வாங்கலாமா?

பதில்: கேவலியர் ஸ்பேனியலையும் பூடிலையும் கலந்து உருவான கேவபூ அருமையான வீட்டு நாய்தான், வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் அடுக்கிய காரணங்களை நம்பி வாங்காதீர்கள்.

முதலில் அலர்ஜி. பூடில் கலப்பு நாய்களின் மோகமே உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில்தான் தொடங்கியது. ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் முடி ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்துவந்த வாலி கான்ரன், 1989-ல் லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துப்போனது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று, அதிலேயே இப்படி. லாப்ரடூடில் என்ற பெயர் உலகம் சுற்றியது. அந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கு மட்டும் விளம்பரங்களில் காணாமல் போய்விட்டது.

அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் இருக்கும் புரதங்கள். முடி குறைவாகக் கொட்டினால் சோபாவைச் சுத்தம் செய்யும் வேலை குறையும், அவ்வளவுதான். 2012-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு, "அலர்ஜி தராத" இனங்கள் என்று விற்கப்படும் நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று காட்டியது. எனவே உங்கள் கணவர் வாங்கப்போகும் அதே குட்டியோடு, முடிந்தால் அதன் தாயோடும், ஓரிரு முறை சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். ஒத்துக்கொண்டாலும் படுக்கையறைக்குள் நாய் வரக்கூடாது. அவருக்கு ஆஸ்துமாவும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கலப்பினம் என்றால் நோய் வராது என்ற பேச்சு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணமும் மனவேதனையும் இங்கேதான் இருக்கின்றன.

கேவபூவின் ஒரு பக்கம் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல், மறுபக்கம் டாய் அல்லது மினியேச்சர் பூடில். கேவலியர் பார்க்க அரச காலத்து நாய்போல இருந்தாலும், இன்றைய வடிவம் சமீபத்தியது. 1926-ல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் உள்ள நீள மூக்கு ஸ்பேனியலைத் திரும்பக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். அப்படி மீட்டெடுத்த இனத்தை 1945-ல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. சில நாய்களிலிருந்தே பெருகிய இனம் என்பதால், அவற்றின் குறைகளும் கூடவே பெருகின. மைட்ரல் வால்வு என்னும் இதய வால்வு தேய்வது இந்த இனத்தின் சாபம்: 5 வயதில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கும், 10 வயதில் அநேகமாக எல்லா நாய்களுக்கும் ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். மண்டையோடு மூளைக்குப் போதாமல் முதுகுத்தண்டில் நீர் கோத்து வலி தரும் சிரிங்கோமைலியா இன்னொன்று. நார்வேயில் 2023-ல் உச்ச நீதிமன்றமே, கேவலியரை இப்படி இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

பூடிலைக் கலந்தால் இதெல்லாம் போய்விடுமா? சில போகும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே கெட்ட மரபணு வந்தால்தான் தாக்கும் நோய்கள் உண்டு. கேவலியருக்கே உரிய, திடீரென உடல் விறைத்து விழும் நோய் அப்படிப்பட்டது; கேவலியருக்கும் பூடிலுக்கும் நேராகப் பிறந்த குட்டிக்கு அது வர வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். இதய வால்வு நோய் ஒரே மரபணுவின் வேலை இல்லை, அதனால் கலப்பு மட்டும் அதைத் தடுக்காது. முழங்கால் சில்லு நழுவும் கோளாறோ இரண்டு இனங்களிலும் இருக்கிறது.

எஃப்1பி என்றால் கேவபூவை மறுபடி பூடிலோடு சேர்த்துப் பிறந்த குட்டி, அதாவது முக்கால் பூடில். முடி குறைவாகக் கொட்டும் என்று இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் பூடில்களில் படிப்படியாகப் பார்வையைப் பறிக்கும் பிஆர்ஏ என்ற விழித்திரை நோய் உண்டு. அதுவும் தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் தாக்கும் வகை. முதல் தலைமுறையில் அடைத்த அந்தக் கதவை எஃப்1பி மறுபடி திறந்துவிடுகிறது. டிஎன்ஏ பரிசோதனை இருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் சூதாட்டம்தான். பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கேவபூ உட்பட மூன்று பூடில் கலப்பு வகைகளைப் பெற்றோர் இனங்களோடு 57 பொதுவான நோய்களில் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் வித்தியாசமே இல்லை.

ஆகவே விற்பவரிடம் குட்டியைப் பற்றிக் கேட்பதைவிடப் பெற்றோரைப் பற்றிக் கேளுங்கள். கேவலியருக்கு இரண்டரை வயது தாண்டிய பிறகு எடுத்த இதயப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறதா? அதன் பெற்றோருக்கு 5 வயதில் இதயம் சுத்தமாக இருந்ததா? தலைக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்களா? பூடிலுக்குப் பிஆர்ஏ டிஎன்ஏ முடிவு எங்கே? எஃப்1பி என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் அந்த முடிவு வேண்டும், இதயக் கேள்விகள் கேவலியர் தாத்தா பாட்டிக்கும் போகும். "வெட் (கால்நடை மருத்துவர்) பார்த்துவிட்டார், நன்றாக இருக்கிறது" என்பது பதில் ஆகாது, காகிதம் வேண்டும். கார் நிறுத்தத்தில் வைத்துக் குட்டியைக் கைமாற்ற வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' நடப்பில் இருக்கிறது. குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். லூசி, குட்டி உற்பத்திப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட ஒரு கேவலியர்தான்.

சரி, குணம். கேவலியர் மடியில் படுக்கவே பிறந்தது; பூடில் தண்ணீரில் விழுந்த வேட்டைப் பறவையை எடுத்துவரப் பழகிய கெட்டிக்கார இனம். இரண்டும் சேர்ந்தால் பாசமும் மூளையும் உள்ள, யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று நினைக்கும் நாய் கிடைக்கும். பிள்ளைகளோடு நன்றாகப் பழகும். வளர்ந்தபின் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோ. தினமும் நடை வேண்டும், அதோடு மூளைக்கும் வேலை வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் பார்சல்காரர் வரும்போதெல்லாம் வீடு அதிரும்.

மாமியார் இருப்பதால் பகல்நேரக் கவலை இல்லை என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு மாதக் குட்டியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டும். காலைச் சுற்றிச் சுற்றி வரும், ஊசிப்பல்லால் கடிக்கும். நாய்க்குப் பயப்படுகிற, வயதான ஒருவர் தலையில் இதைக் கட்டுவது அவருக்கும் அநியாயம், குட்டிக்கும் அநியாயம். முதல் இரண்டு வாரமாவது நீங்கள் இருவரும் மாறி மாறி லீவு போடுங்கள். ஒரு அறையைக் குழந்தைக் கேட் போட்டுத் தடுத்துவிட்டால் மாமியார் நிம்மதியாக நடமாடலாம். குட்டியும் சில நிமிடத்தில் ஆரம்பித்துத் தனியாக இருக்கப் பழகும். எப்போதும் ஆள் இருக்கும் வீட்டில் வளர்ந்த நாய், ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் கிளம்பிப் போனால் கதவைப் பிறாண்டித் தள்ளிவிடும்.

முடி கொட்டாததற்கும் ஒரு விலை உண்டு. உதிர்ந்த முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிச் சடை பிடிக்கும். மேலே பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்க பொம்மைபோல இருக்கும். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள், தோலோடு ஒட்டிக் கம்பளித் துண்டுபோல ஒன்று தட்டுப்படும். அக்குள், ஹார்னஸ் என்னும் மார்புப் பட்டை உரசும் மார்பு, வாலடி ஆகிய இடங்களும் அப்படித்தான். பிரஷுக்குப் பிறகு உலோகச் சீப்பைத் தோல் வரை விட்டு இழுங்கள், சிக்காமல் வந்தால்தான் சீவினதாக அர்த்தம். சீவாமல் குளிப்பாட்டினால் சடை இன்னும் இறுகும், அப்புறம் மொட்டைதான் வழி. ஆறேழு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி மாறும் பருவம் மிக மோசம், அப்போது தினமும் சீவுங்கள். கூடவே 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டிச் சீர்செய்யும் குரூமர் செலவு. மகள் சீவுவாள் என்று கணக்குப் போடாதீர்கள், ஒன்பது வயதில் அந்த உற்சாகம் பள்ளி விடுமுறை முடியும்வரைதான்.

கழுத்துப்பட்டியில் இழுக்காமல் ஹார்னஸில் கூட்டிப்போங்கள், கேவலியர் ரத்தம் உள்ள கழுத்துக்கு அது நல்லது. ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பு இருக்கிறது என்றால், நாய் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வீட்டிலேயே எண்ணிக் குறித்துவாருங்கள். 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் உடனே வெட்டிடம் போக வேண்டும். காப்பீட்டைக் குட்டி வந்த வாரமே எடுங்கள், நோய் தெரிந்தபின் எடுத்தால் அந்த நோய்க்குப் பணம் வராது.

சாப்பாட்டு விஷயத்தை மாமியாரிடம் நீங்களே பேசிவிடுங்கள். பயம் போன மறுநாள் அவர்தான் தட்டிலிருந்து ஊட்டுவார். கேசரியிலும் பாயசத்திலும் இருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரண்டு மூன்று தின்றாலும் வெட்டுக்குப் போன் போடுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார் சாதம், சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சுவிங்கம், வெந்த கோழி எலும்பு எதுவும் கூடாது. ஊட்டத்தான் வேண்டும் என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கேரட்டோ, ஒரு வாய் வெறும் சோறோ கொடுக்கட்டும்.