மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கவில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக, ராத்திரி படுத்ததும் நெஞ்சுக்குள் ‘டொம்’ என்று தூக்கிப் போடுகிறது. அதற்கு முன்னால் ஒரு நொடி எல்லாமே நின்றுபோன மாதிரி. மெஷினில் தையல் விட்டுப்போகுமே, அப்படி. நாடியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். எக்கோ நார்மல், பம்பிங் 62 சதவீதம். 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியில் மொத்தம் 1,04,300 துடிப்பு, அதில் 2,140 ‘வி.பி.சி.’ என்று போட்டிருக்கிறது. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொன்ன டாக்டரே மெட்டோபுரோலால் 25 மி.கி. எழுதியிருக்கிறார். பயமில்லை என்றால் மாத்திரை எதற்கு? ஆரம்பித்தால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா? அட்டையைப் பிரிக்காமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கொஞ்சம் வீசிங் வரும், இன்ஹேலர் இழுப்பேன். வேறு நோய் எதுவும் இல்லை.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. அந்த வீசிங்கை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? மெட்டோபுரோலால் ‘பீட்டா பிளாக்கர்’ வகை. குறைந்த அளவில் அதன் வேலை பெரும்பாலும் இதயத்தோடு நிற்கும் என்றாலும், இழுப்பு உள்ள சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். இன்னொன்று, சில இன்ஹேலர்களே படபடப்பைக் கிளப்பும். அதனால் இன்ஹேலரைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதுவரை அட்டை அலமாரியிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் ரிப்போர்ட்டுக்கு நாலு நாள் தாமதத்தால் கெடுதல் வராது.

2,140 என்று படித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் 1,04,300 துடிப்பில் அது நூற்றுக்கு இரண்டு. வி.பி.சி. என்பது இதயத்தின் கீழறையில் கிளம்பி முந்திக்கொண்டு வரும் துடிப்பு; ‘எக்டோபிக்’ என்றும் சொல்வோம். இந்தத் துடிப்புகள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் கவனிப்போம். இருபதைத் தாண்டி மாதக்கணக்கில் நீடித்தால்தான் இதயத்தசை தளர்ந்துவிடுமோ என்று உண்மையாகவே கவலைப்படுவோம்.

‘நின்றுபோன மாதிரி’ என்கிறீர்கள். நிற்கவில்லை. ஒரு துடிப்பு முறை தவறி முந்திக்கொண்டு வருகிறது. அறையில் ரத்தம் நிரம்புவதற்குள் வருவதால் மணிக்கட்டுவரை எட்டுவதில்லை. உங்கள் விரலுக்கு அது விட்டுப்போனதாகத் தெரிகிறது. அடுத்த துடிப்புக்கு முன் சற்றே கூடுதல் இடைவெளி கிடைக்க, அறை வழக்கத்தைவிட நிறைகிறது. அதை ஓங்கித் தள்ளுவதுதான் அந்த ‘டொம்’. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் பலமாகத் தெரியும்.

எனக்கும் இது உண்டு. 2011-இல் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில், இரவுப் பணி முடித்து காரில் ஏறினால், கிளப்ப மனமில்லாமல் கழுத்தில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே இருப்பேன். இதே 25 மி.கி. மாத்திரையை நான்கு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. துடிப்பு முழுக்கப் போகவில்லை, இடி மட்டும் மெத்தென்று ஆனது. கூடவே மாடிப்படி ஏறினால் கால் கனத்தது, விரல் நுனிகள் ஜில்லிட்டன. அம்மா போனபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். இன்றும் மாதத்தில் சில நாள் வரும், வந்து போகும்.

உங்கள் டாக்டர் சொன்ன இரண்டும் முரணே இல்லை. உங்கள் நிலையில் மாத்திரை உயிரைக் காப்பாற்ற அல்ல, அவஸ்தையைக் குறைக்க. துடிப்பை அடக்கினால் ஆயுள் கூடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நம்பினோம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ‘காஸ்ட்’ ஆய்வில் எக்டோபிக் அடங்கியது. ஆனால் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1989-இல் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். மெட்டோபுரோலால் அந்த ரகம் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைக் குறைப்பதற்காகவே மருந்து எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியதில்லை. மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். நீங்களாகச் சட்டென்று மட்டும் நிறுத்தாதீர்கள், படபடப்பு திரும்ப ஓங்கும். வீசிங் தடையாக இருந்தால் வேறு வகை மாத்திரைகளும் உண்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் பார்த்தாயிற்றா? மாதவிடாய் முன்பின்னாகும் இந்த வயதில் பல பெண்களுக்கு இந்தத் துடிப்பு கூடுவதைப் பார்க்கிறேன்.

நான் சொல்வது இதுதான்: தூக்கம் கெட்டு, பகலில் கத்தரி பிடிக்கவே சோர்வாக இருந்தால், டாக்டரும் சரி என்றால், தயங்காமல் சாப்பிடுங்கள். விவரம் தெரிந்ததில் பயம் விலகித் தூக்கம் வந்துவிட்டால், சாப்பிடாமலே இருக்கலாம். எதுவானாலும் ஒரு வருடம் கழித்து ஹோல்டரும் எக்கோவும் திரும்ப எடுங்கள். மயக்கம் வந்தாலோ, நடக்கும்போது நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்தாலோ, வேலை செய்யச் செய்ய இந்தத் துடிப்பு கூடினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த உறவில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், அதையும் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்றிரவு வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். நாடி பிடிக்கும் அந்தக் கை தலையணைக்கு அடியில் இருக்கட்டும்.